இஞ்ச்டூத்தில்: கட்டி முடிக்கும் முன்பே ரோமானியர்கள் தாங்களே பிரித்துப்போட்ட படைத்தளம்

#1 படைமுகாம்

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷையரில், டே ஆற்றின் வடகரையில், வெள்ளம் ஏறாத மேட்டுத் திடல் ஒன்றில் இருந்தது இஞ்ச்டூத்தில் தளம். கி.பி. 82 அல்லது 83-இல் கட்டத் தொடங்கினார்கள். 86–87-இல் பிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஏறக்குறையச் சதுரம், பக்கத்துக்குச் சுமார் 460 மீட்டர், மொத்தம் 53 ஏக்கர். ஒரு முழு லெஜியனுக்கான (சுமார் ஐயாயிரம் பேர் கொண்ட ரோமானியப் பெரும்படைப் பிரிவு) இடம். இங்கே இருந்தது 20-ஆம் லெஜியன் வலேரியா விக்ட்ரிக்ஸ் என்பது பொதுவான கருத்து. மற்ற மூன்று பிரிட்டன் லெஜியன்களும் அப்போது எங்கெங்கே இருந்தன என்று கழித்துப் பார்த்து வந்த முடிவு அது.

இந்தத் தளத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் "அங்கே புதைத்த எட்டே முக்கால் லட்சம் ஆணி" என்று ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறார்கள். ஆணிக்கு வருவோம், அவசரமில்லை. அதற்கு முன் எந்தக் கட்டடம் எழும்பியது, எது எழும்பவில்லை, எந்த வரிசையில் பிரித்தார்கள் என்று பார்க்கலாம். தோற்று ஓடினார்களா, உத்தரவு வந்து போனார்களா என்ற பழைய சண்டைக்கு விடை அந்த வரிசையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக வரலாம்.

#2 பழங்காசு

தேதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

அப்போதைய பேரரசர் டொமிஷியனின் நாணயங்களில் அவர் எத்தனையாவது முறை கான்சல் (ரோமின் உயர் பதவி) என்பது பொறித்திருக்கும். 12-ஆம் முறை என்றால் கி.பி. 86, 13-ஆம் முறை என்றால் 87. இந்த இரண்டு ஆண்டுகளிலும் அடித்த செம்புக் காசுகள், "ஆஸ்" என்று சொல்லப்படும் சில்லறை, பிரிட்டனுக்குப் பெருமளவில் வந்து இறங்கின. தெற்கே இரண்டு ஆண்டுக் காசும் தாராளமாகக் கிடைக்கிறது. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ஆற்றுக்கு வடக்கே உள்ள கோட்டைகளில் 86-ஆம் ஆண்டுக் காசு கிடைக்கிறது, 87 கிடைப்பதில்லை. இஞ்ச்டூத்திலில் கிடைத்த 86-ஆம் ஆண்டுக் காசுகள் கைமாறித் தேயாதவை. அச்சிலிருந்து வந்த மினுக்கம் போகாமலே மண்ணுக்குள் போனவை.

ஆக, 86-ஆம் ஆண்டுச் சம்பளச் சில்லறை வந்து சேர்ந்தது, அடுத்த ஆண்டுச் சில்லறை வருவதற்குள் ஆள் இல்லை. காசு எண்ணிக்கை குறைவுதான், ஒரே ஒரு கோட்டையை வைத்து இப்படிச் சொன்னால் நானே ஏற்க மாட்டேன். வடக்கே உள்ள எல்லாக் கோட்டைகளும் ஒரே கதையைச் சொல்வதால்தான் இது நிற்கிறது.

#3 தச்சுக்கோல்

கட்டுமான வரிசையை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் அரண். வெளியே சுமார் 6 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்துக்கு அகழி. உள்ளே புல்கட்டிகளை அடுக்கி எழுப்பிய மண்மதில். புல்கட்டி வெட்டுவது ரோமானியப் படையில் எல்லாருக்கும் தெரிந்த வேலை. ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், அரை அடி தடிமன் என்று ரோமானியப் படைநூல் எழுதிய வெஜீஷியஸ் அளவு சொல்கிறார். புல் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் அது கட்டி; மணல் கலந்த தரையில் வெட்டினால் தூக்கும்போதே உதிர்ந்துவிடும். பிறகு அந்த மண்மதிலின் முகத்தைச் செதுக்கிவிட்டு, சுமார் 1.5 மீட்டர் தடிமனில் கல்சுவர் வைத்தார்கள். கல் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளியுள்ள கோர்டி குன்றில் வெட்டியது.

இதை ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுற்றளவு 1,850 மீட்டர். சுவர் உயரம் 4 மீட்டர் என்று என் கணக்குக்கு வைத்துக்கொள்கிறேன். 1,850 × 1.5 × 4 = 11,100 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.2 டன் என்றால் 24,000 டன்னுக்கு மேல். மாட்டு வண்டிக்கு அரை டன் ஏற்றினால் கிட்டத்தட்ட 49,000 நடை. மூன்று நாள் தங்கிவிட்டுப் போக நினைப்பவன் இந்த வேலைக்குக் கை வைக்க மாட்டான். இங்கே நிரந்தரமாக உட்காரும் திட்டம் இருந்தது என்பதற்கு எனக்கு இதுவே போதும்.

உள்ளே எல்லாம் மரம். தரையில் நீளவாக்கில் வாய்க்கால் வெட்டி, அதில் கம்பங்களை வரிசையாக நட்டு, மண்ணைப் போட்டு இடித்து, கம்பங்களுக்கு நடுவே குச்சித் தட்டி கட்டி, இரு பக்கமும் களிமண் பூசுவது முறை. இதில் சிக்கல் எங்கே என்றால், மண்ணுக்குள் போகும் கம்பத்தின் அடி. காய வைக்காத பச்சை மரத்தை நட்டால் தரைமட்டத்தில் நனைவதும் காய்வதுமாக இருந்து அந்த இடத்தில்தான் முதலில் இற்றுப்போகும். நல்ல ஓக் என்றால் 20–25 ஆண்டு தாங்கும். இஞ்ச்டூத்திலில் அதற்கெல்லாம் நேரமே கிடைக்கவில்லை. கம்பம் புதிதாக இருக்கும்போதே பிடுங்கிவிட்டார்கள்.

எழும்பியவை: 64 படைவீரர் குடியிருப்பு வரிசைகள், 6 தானியக் கிடங்குகள், மருத்துவமனை, பட்டறை, பயிற்சிக் கூடம், ட்ரிப்யூன் அதிகாரிகளின் வீடுகள் சில, தலைமையகமான பிரின்சிபியா. எழும்பாதவை: தளபதியின் மாளிகை, இன்னும் 2 கிடங்குகள், மற்ற ட்ரிப்யூன்களின் வீடுகள். தளபதி மாளிகைக்கு இடத்தைச் சமப்படுத்தி வைத்தார்கள், அதோடு நின்றது.

பிரின்சிபியாவைக் கவனியுங்கள். அதன் பக்கம் சுமார் 45 மீட்டர்தான். 53 ஏக்கர் தளத்துக்கு, ஒதுக்கிய மனைக்கு, அது ரொம்பச் சின்னது. பின்னாளில் பெரிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்று இப்போதைக்கு ஒன்றை எழுப்பியிருக்கிறார்கள் என்று படிப்பதுதான் சரி. சாமானியனுக்குக் கூரை, தானியத்துக்குக் கூரை, நோயாளிக்குக் கூரை என்று முடித்துவிட்டு, தளபதியின் வீட்டைக் கடைசியில் வைத்திருந்தார்கள். அதுவரை உயர் அதிகாரிகள் மதிலுக்கு வெளியே தனி வளாகத்தில் தற்காலிகமாகத் தங்கியிருந்தார்கள். அங்கே அவர்களுக்கென்று சின்னக் குளியல் கூடம்கூட இருந்தது, அதை விட்டுவிடக் கூடாது!

#4 புதுவாசகன்

ஒரு சந்தேகம். ஒரு லெஜியனில் 10 கோஹார்ட், ஒவ்வொன்றிலும் 6 செஞ்சுரி என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் 60 குடியிருப்பு போதுமே, 64 எங்கிருந்து வந்தது? செஞ்சுரி என்றால் 100 பேர்தானே?

#5 படைமுகாம்

நல்ல கேள்வி. இந்தத் தளத்தின் வரைபடம் உலகம் முழுக்கப் பாடநூலில் இடம் பிடித்ததே இதனால்தான்.

இந்தக் காலத்தில் செஞ்சுரி என்றால் 80 பேர். 2 முதல் 10 வரையான கோஹார்ட்டுகளுக்கு ஆளுக்கு 6 வரிசை: 9 × 6 = 54. மீதி 10 வரிசைகள் முதல் கோஹார்ட்டுக்கு. அதில் 5 செஞ்சுரிதான், ஆனால் ஒவ்வொன்றும் இரட்டைப் பலம். அதனால் செஞ்சுரிக்கு இரண்டு வரிசை. கூட்டினால் 64. ஆள் கணக்கு: 54 × 80 = 4,320; 5 × 160 = 800; மொத்தம் 5,120. இதோடு சுமார் 120 குதிரை வீரர்கள்.

முதல் கோஹார்ட் மற்றவற்றைப் போல இருமடங்கு என்று ஹைஜினஸ் பெயரில் வழங்கும் பாசறை அளவை நூல் சொல்கிறது. வெறும் எழுத்தாக இருந்த அதை மண்ணில் காட்டியது இஞ்ச்டூத்தில். பிரின்சிபியாவை ஒட்டி 10 வரிசைகள், அவற்றுக்கு முன்னால் 5 மூத்த செஞ்சூரியன்களுக்குத் தனி வீடுகள். மற்றச் செஞ்சூரியன்களுக்கு வரிசையின் மதிலோர முனையில் சில அறைகள்தான்.

ஆனால் "எல்லா லெஜியனும் எல்லாக் காலத்திலும் இப்படித்தான்" என்று இதை வைத்துச் சொல்லக் கூடாது. ஒரு தளம், ஒரு பத்தாண்டு. அவ்வளவே.

#6 மண்வாசி

வரைபடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன்.

முதலில் தோண்டியது 1901-இல். முறையான அகழாய்வு 1952 முதல் 1965 வரை, இயன் ரிச்மண்டும் செயின்ட் ஜோசப்பும் கோடைக்குக் கோடை சில வாரங்கள் செய்தது. 53 ஏக்கரையும் திறந்து பார்த்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். குறுகிய நீளப் பள்ளங்களை வெட்டி, சுவர் வாய்க்கால் எங்கே குறுக்கிடுகிறது என்று புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார்கள். ரோமானியர்கள் சமச்சீராகக் கட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் ஒரு வரிசையைப் பார்த்து அடுத்த ஐந்தையும் வரைந்த இடங்கள் உண்டு. மேலே பிற்காலக் கட்டடம் எதுவும் எழும்பாததால்தான் இது முடிந்தது. இங்கிலாந்தின் செஸ்டரிலோ யார்க்கிலோ நகரத்துக்கு அடியில் இப்படிக் கோடு பிடிக்க முடியாது.

இந்த முறை சுவருக்கு நன்றாக வேலை செய்யும். தனிக் குழி, அடுப்பு, தனியாக நட்ட மரக்கம்பம் போன்ற சின்ன விஷயங்கள் இரண்டு பள்ளத்துக்கு நடுவே தப்பிவிடும். ரிச்மண்ட் 1965-இல் இறந்துவிட்டார். முழு அறிக்கை 1985-இல்தான் வந்தது. தோண்டியவர் மனதில் இருந்த பலவற்றைக் குறிப்பேட்டிலிருந்து மீட்டு எழுத வேண்டியிருந்தது. "முழு வரைபடம்" என்று சொல்லும்போது இதையும் மனதில் வையுங்கள்.

#7 தச்சுக்கோல்

மண்வாசி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் பிரித்தெடுத்த முறைக்கு வரைபடம் அவ்வளவு முக்கியமில்லை. அதற்கான சான்று வாய்க்காலுக்குள்ளேயே கிடக்கிறது.

கம்பம் தானாக இற்றுப்போனால் கம்பத்தின் வடிவிலேயே கறுத்த மண் தங்கும். ஆட்டி அசைத்துப் பிடுங்கினால் வாய் அகன்ற குழி விழும், அதில் மேலிருந்து சரிந்த மண் இருக்கும். எரிந்திருந்தால் கரி இருக்கும், சுட்ட களிமண் இருக்கும். இங்கே தெரிவது பிடுங்கின தடம். கழற்றும்போது வளைந்துபோன ஆணிகள் சிதறிக் கிடக்கின்றன. மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பவன்தான் ஆணியைப் பொறுமையாக நெம்புவான். தீ வைத்துவிட்டுப் போகிறவனுக்கு அந்த வேலை எதற்கு? குச்சித் தட்டி எதற்கும் உதவாது, அதை மட்டும் குவித்து எரித்தார்கள்.

மதிலின் கல்முகத்தைக் கழற்றினார்கள். குளியல் கூடத்தையும் விடவில்லை. சாக்கடைகளைச் சரளைக்கல் போட்டு அடைத்தார்கள். வழங்காமல் கிடங்கிலேயே இருந்த மண்பாண்டமும் கண்ணாடியும் தெருவோரக் கால்வாயில் கொட்டி, உடைத்து, மிதித்துப் பொடியாக்கப்பட்டிருந்தன. ஒன்றிரண்டு தவறி உடைந்ததல்ல. ஒரு துண்டைக்கூட எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி செய்த வேலை.

எடுத்துப்போக முடிந்ததை எடுத்தார்கள், எடுக்க முடியாததை யாருக்கும் உதவாமல் ஆக்கினார்கள். இதற்கு ஆளும் வேண்டும், வாரக்கணக்கில் நேரமும் வேண்டும்.

#8 ஈட்டிமுனை

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.

ஒழுங்காகப் பிரித்தார்கள் என்றால் அழுத்தமே இல்லை என்று ஆகிவிடுமா? வடக்கு மலைக்காரர்களான கலிடோனியரோடு நடந்த மான்ஸ் கிராபியஸ் போரில் (83 அல்லது 84) பிரிட்டன் ஆளுநர் அக்ரிக்கோலா வென்றார் என்பதற்கு நமக்கு இருப்பது அவருடைய மருமகன், வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் எழுத்து. மாமனாரைப் புகழ எழுதிய நூல் அது. போர்க்களம் எங்கே என்பதே இன்னும் முடிவாகவில்லை. அவ்வளவு பெரிய வெற்றி என்றால் மூன்றே ஆண்டில் ஏன் போக வேண்டும்? மலைக்காரர்கள் சாலையை அறுத்திருக்கலாம், தானியத்தைத் தடுத்திருக்கலாம். சண்டை போட்டுக் கோட்டையைப் பிடித்தால்தான் தோல்வியா?

#9 பழங்காசு

ஈட்டிமுனை, டாசிட்டஸைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் அதே டாசிட்டஸ் இன்னொரு நூலில், பிரிட்டன் முழுதும் அடங்கியது, உடனே கைவிடப்பட்டது என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். அவருடைய கோபம் கலிடோனியர் மேல் இல்லை, டொமிஷியன் மேல்.

டானூப் ஆற்று எல்லையைப் பாருங்கள். 85-இல், இன்றைய ருமேனியாப் பக்கத்து டேசியர்கள் ஆற்றைக் கடந்து மீசியா மாகாணத்துக்குள் புகுந்தார்கள், ஆளுநர் ஓப்பியஸ் சபினஸ் கொல்லப்பட்டார். அடுத்து, படையோடு டேசியாவுக்குள் போன பிரீட்டோரியன் (பேரரசரின் மெய்க்காவல் படை) தலைவர் கார்னீலியஸ் ஃபுஸ்கஸும் மாண்டார். பேரரசருக்கு அங்கே ஆள் வேண்டும். பிரிட்டனில் நான்கு லெஜியன் இருந்தது. செஸ்டரில் இருந்த 2-ஆம் அட்யூட்ரிக்ஸ் டானூபுக்குப் போயிற்று. நான்கு மூன்றானது. செஸ்டர் காலியானால் வேல்ஸுக்கும் வட இங்கிலாந்துக்கும் நடுவில் ஓட்டை. அதை அடைக்க 20-ஆம் லெஜியனைத் தெற்கே இழுத்தார்கள். லெஜியன் பின்னால் இல்லாமல் வடக்கே துணைப்படைக் கோட்டைகள் நிற்காது, எனவே அவையும் போயின.

காசுத் தேதி, டானூபுத் தேதி, செஸ்டர் மாற்றம் மூன்றும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. கலிடோனியர்களை நடுவில் கொண்டுவராமலே கணக்கு தீர்ந்துவிடுகிறது.

#10 ஆற்றோரம்

தானியத்தைத் தடுத்திருக்கலாம் என்று ஈட்டிமுனை சொன்னதை நான் அவ்வளவு சீக்கிரம் தள்ள மாட்டேன். ஆனால் தடுக்க ஆள் வந்திருக்க வேண்டியதில்லை, தளம் அமைந்த இடமே போதும்.

ஆளுக்கு நாளைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தானியம். 5,000 பேருக்கு 5 டன். ஆண்டுக்கு 1,800 டன்னுக்கு மேல். குதிரைக்கும் பொதி மிருகத்துக்கும் பார்லி தனி. ஒவ்வொரு கோட்டையிலும் ஓராண்டுக்கான சேமிப்பு இருந்தது என்று டாசிட்டஸ் சொல்கிறார். 8 கிடங்கு திட்டமிட்டதில் 6 எழும்பியிருந்ததைப் பார்த்தால் அந்தப் பேச்சு வெறும் அலங்காரமில்லை.

வழி எப்படி? கடலிலிருந்து டே முகத்துவாரம், அங்கிருந்து பெர்த் பக்கம்வரை கடல் ஏற்றம் வரும், படகுக்குச் சிரமமில்லை. அதற்கு மேலே ஆறு வேறு குணம். பிரிட்டனிலேயே அதிக நீர் ஓடுவது டேயில்தான். ஸ்டான்லிக்கு அருகே கேம்ப்ஸி லின் என்ற பாறைப் பாய்ச்சல் குறுக்கே இருக்கிறது. பாரப் படகு அதை ஏறாது. ஒன்று, சரக்கை இறக்கிக் கரைவழி சுமந்து மறுபடி ஏற்ற வேண்டும். இல்லையென்றால் பெர்த் அருகே பெர்த்தா கோட்டைப் பக்கமே இறக்கி வண்டியில் கொண்டுபோக வேண்டும். நாளைக்கு 5 டன் என்றால் 10 வண்டி, மழையோ பனியோ, தவறாமல். சாலை சேறானால் அரை டன் கால் டன்னாகும்.

இப்படிப்பட்ட இடத்தில் லெஜியனை வைத்திருப்பது வடக்கே இன்னும் முன்னேறும் எண்ணம் இருந்தால்தான் பொருந்தும். முன்னேற்றம் நின்ற நாளிலேயே இந்த இடம் செலவுக் கணக்காகிவிட்டது.

#11 மண்வாசி

வடக்கே முன்னேறும் எண்ணத்துக்கு ஆதாரம் சுற்றியுள்ள கோட்டைகள். மலைப் பள்ளத்தாக்கு ஒவ்வொன்றின் வாயிலும் ஒன்று: போஹாஸ்ல், டல்கின்ராஸ், ஸ்மா க்ளென் வாயில் ஃபெண்டோக். டே மலையிலிருந்து இறங்கும் வழியில் இஞ்ச்டூத்தில். கிழக்கே கார்டீன், ஸ்ட்ராகாத்ரோ. மலைக்குள் போவதற்கும் இந்த இடங்கள்தான் வாசல், மலையிலிருந்து வருகிறவனைத் தடுப்பதற்கும் இவைதான் வாசல். எந்த நோக்கம் முதன்மை என்று தரையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பெர்த் பக்கத்துக் காஸ்க் மேட்டுக் காவல் கோபுர வரிசையைச் சேர்த்தால் இன்னும் குழப்பம். அங்கே சில கோபுரங்கள் ஒரு தடவைக்கு மேல் கட்டப்பட்டிருக்கின்றன. மூன்று நான்கு ஆண்டில் கோபுரத்தைத் திரும்பக் கட்டும் அவசியம் என்ன? அதனால் அக்ரிக்கோலாவுக்கு முன்பே, 70-களிலேயே ரோமானியர் இங்கே வந்துவிட்டார்கள் என்ற வாதம் எழுந்தது. வட இங்கிலாந்தின் கார்லைல் கோட்டை மரங்கள் 72–73 குளிர்காலத்தில் வெட்டியவை என்று மரவளையம் சொல்வதால், வடக்கு நகர்வை டாசிட்டஸ் முழுக்க மாமனார் பெயரில் எழுதிவிட்டார் என்ற சந்தேகம் நியாயமானதே. இஞ்ச்டூத்தில் கட்டிய தேதியை இது அசைக்காது; அதற்கு முன் அந்தப் பக்கம் யாரும் இல்லை என்ற படத்தை அசைக்கும்.

#12 தச்சுக்கோல்

சரி, ஆணி. கேட்காமலே வந்துவிடுகிறேன்.

பட்டறைக் கட்டடத்துக்குள் தோண்டிய குழி. ஆழம் சுமார் 3.6 மீட்டர். அடியில் ஆணி, கூடவே வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை 9. மேலே 1.8 மீட்டர் சுத்தமான சரளை. கண்டுபிடித்தவர்கள் அளவு வாரியாகப் பிரித்து எண்ணினார்கள்: மிகப் பெரியவை, 37 சென்டிமீட்டர்வரை போகிறவை, 1,344, அடுத்த அளவு 25,088, அதற்கடுத்தது 85,128, சிறியவை 763,840. கூட்டினால் 875,400. எடை 7 டன்னிலிருந்து 10 டன்வரை பலவிதமாகச் சொல்கிறார்கள்.

நூற்றுக்கு 87 சின்ன ஆணி. பலகை, கூரை, கதவு என்று அன்றாடம் தீர்வது அதுதான். பெரிய ஆணி உத்தரத்துக்கும் வாசல் கோபுரத்துக்கும். அடிக்கும்போது வளையாமல் இருக்க அவற்றுக்குக் கரிமம் கூடுதலான, கெட்டியான இரும்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் கையால் அடித்த, சதுரத் தண்டு ஆணி. பெரும்பாலானவை அடிபடாத புதுச் சரக்கு, அதாவது கட்டி முடிக்காத வேலைக்காக இருப்பில் வைத்தது.

#13 புதுவாசகன்

10 டன் என்றால் 20 மாட்டு வண்டி. ஒரு லெஜியனுக்கு 20 வண்டி கிடைக்காதா? மரத்தையே பிரித்து எடுத்துப் போனவர்கள் ஆணியை ஏன் விட்டார்கள்? எனக்கு இது ஒட்டவில்லை.

#14 ஈட்டிமுனை

இதைத்தான் நானும் கேட்கிறேன். அவசரம் இருந்தது, அதனால் புதைத்தார்கள். நீங்கள் எல்லாரும் சொல்லும் "நிதானமான வெளியேற்றம்" இங்கே உடைகிறது.

#15 ஆற்றோரம்

அவசரமாக ஓடுகிறவன் 3.6 மீட்டர் குழி தோண்டி, ஆணியைக் கொட்டி, அதன் மேல் ஆள் உயரத்துக்குச் சரளை நிரப்பி மட்டமாக்க மாட்டான். ஆற்றில் கொட்டுவது இதைவிட எளிது. ஆனால் ஆற்றில் கொட்டினால் தண்ணீர் வற்றும்போது தெரியும், எவனும் வாரிக்கொள்வான்.

வண்டிக் கணக்கை மேலும் ஒருபடி பாருங்கள். பிற்காலச் சட்டத்தில் அரசு மாட்டு வண்டிக்கு 1,500 ரோமானிய ராத்தல் உச்சவரம்பு, இன்றைய கணக்கில் சுமார் 490 கிலோ. அந்த 20 வண்டியும் 400 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போக வேண்டும். மாடு நாளைக்கு 15 கிலோமீட்டர் போனால் அதிகம். ஒரு மாதம், அவ்வளவு நாளும் மாட்டுக்குத் தீவனம், வண்டிக்காரனுக்குச் சோறு, காவலுக்கு ஆள். கருவி, ஆயுதம், கூடாரம், மிச்சத் தானியம், நோயாளி எல்லாமே அதே வண்டிக்குத்தான் போட்டி. ரோமானியப் பட்டறைக்கு ஆணி மலிவு. மலைக்காரனுக்கு 10 டன் இரும்பு ஈட்டிமுனைக் குவியல். இரண்டு விலைக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அந்தக் குழி.

#16 படைமுகாம்

ஆற்றோரம் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்தால் புதுவாசகனின் கேள்விக்கு விடை முழுதாகும் என்று நினைக்கிறேன்: போகும் இடத்தில் ஆணி தேவைப்படவில்லை.

செஸ்டரில் கிடைத்த ஈயக் குழாய்களில் பேரரசர் வெஸ்பேசியன் 9-ஆம் முறை, அவர் மகன் டைட்டஸ் 7-ஆம் முறை கான்சல், ஆளுநர் அக்ரிக்கோலா என்று பொறித்திருக்கிறது. அது கி.பி. 79. ஆக, 2-ஆம் அட்யூட்ரிக்ஸ் 79-இலேயே அங்கே தண்ணீர்க் குழாய் பதிக்கும் அளவுக்கு வேலையை முடித்திருந்தது. 20-ஆம் லெஜியன் வெறும் தரைக்குப் போகவில்லை. கூரையோடு, குழாயோடு காத்திருந்த கோட்டைக்குக் குடிபோனது. இஞ்ச்டூத்திலில் பாதியில் நின்ற கட்டடங்களுக்காகச் சேர்த்த ஆணி இருப்புக்குச் செஸ்டரில் வேலை இல்லை.

கழற்றிய மரம் எல்லாம் செஸ்டர் போயிற்று என்றும் நான் நினைக்கவில்லை. அருகே தற்காலிகமாக வைத்திருந்த கோட்டைகளுக்கும், வழியில் பாலத்துக்கும் விறகுக்கும் போயிருக்கும். மலைக்காரன் கையில் தயார்க் கூரை கிடைக்கக் கூடாது என்பதே பிரித்ததற்குப் போதுமான காரணம்.

#17 ஈட்டிமுனை

ஈயக் குழாய் நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் விளக்கப்படியே, தாங்கள் விட்டுப்போகும் இரும்பைத் தேடி எடுத்து ஆயுதமாக்கும் அளவுக்கு எதிரி அங்கே பலமாக இருந்தான் என்று ரோமானியர்களே நம்பினார்கள். மான்ஸ் கிராபியஸில் பத்தாயிரம் பேரை வெட்டினோம் என்பது உண்மையென்றால், மூன்று ஆண்டில் யாருக்குப் பயந்து ஆள் உயரச் சரளை?

#18 பழங்காசு

அந்தப் பத்தாயிரத்தை நானும் நம்பவில்லை. அதே நூல், எதிரிகளில் மீதிப் பேர் தப்பிப் போனார்கள் என்பதையும் மறைக்கவில்லை. போரில் தோற்றவர்கள் இருந்தார்கள், தோற்றும் அடங்காதவர்களும் இருந்தார்கள். அதற்காகப் படை அவர்களால் விரட்டப்பட்டது என்று சொல்ல ஒரு எரிந்த வாசலாவது வேண்டும். வடக்கே இந்தக் காலத்துக் கோட்டைகளில் தெரிவதெல்லாம் தாங்களே பிரித்த தடம்தான். எடின்பரோ அருகே எல்ஜின்ஹாவையும் 1986–87-இல் கிட்டத்தட்ட முழுதாகத் தோண்டினார்கள், அங்கேயும் அதே 86-ஆம் ஆண்டுக் காசு, அதே பிரித்தெடுப்பு.

#19 மண்வாசி

ஆணியைப் பற்றி இன்னும் ஒன்று, வாங்க நினைப்பவர்களுக்கு. குழியின் ஓரத்திலும் மேற்புறத்திலும் இருந்த ஆணிகள் துருப்பிடித்து ஒரே பாளமாக இறுகின. அந்தத் துருப் பாளமே காற்றையும் நீரையும் உள்ளே விடாமல் தடுத்தது; நடுவில் இருந்தவை நேற்று அடித்ததைப் போல வெளிவந்தன. அணுக்கழிவை இரும்புக் கலத்தில் வைத்து மண்ணுக்கடியில் நெடுங்காலம் புதைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்பியவர்கள் இந்த ஆணிகளை எடுத்துக்காட்டாக ஆராய்ந்தது இதனால்தான். 1900 ஆண்டுச் சோதனையைப் புதிதாக யாரும் செய்ய முடியாதே.

அகழாய்வுக்குப் பிறகு ஆணிகள் அருங்காட்சியகங்களுக்குப் போனது போக, பொதுமக்களுக்கும் விற்கப்பட்டன. அதனால் இன்று ஏலத்தில் வரும் இஞ்ச்டூத்தில் ஆணி சட்டப்படி சரியானதாகவே இருக்க முடியும். ஆனால் சதுரத் தண்டுக் கையடி ஆணியைக் கொல்லர்கள் 19-ஆம் நூற்றாண்டுவரை அடித்துக்கொண்டிருந்தார்கள். விற்பனைக் கால அட்டையோ கடிதமோ கூட வராவிட்டால், அது எந்தப் பழைய களஞ்சியக் கதவிலிருந்து பிடுங்கியதோ யாருக்குத் தெரியும். வெறும் தோற்றத்தை வைத்து விலை கொடுக்காதீர்கள்.

#20 புதுவாசகன்

நன்றி. மருத்துவமனையைப் பற்றி யாராவது எழுதுவீர்களா? ஒரு வரியில் போய்விட்டது.

#21 தச்சுக்கோல்

சுருக்கமாக: சுமார் 90 × 60 மீட்டர், நடுவே முற்றம். முற்றத்தைச் சுற்றி ஓர் அறை வரிசை, பிறகு அகலமான நடைக்கூடம், அதற்கு வெளியே இன்னோர் அறை வரிசை. மொத்தம் சுமார் 60 நோயாளி அறைகள். அறைகள் நேரே நடைக்கூடத்தில் திறக்காது, நடுவில் சின்ன முன்னறை உண்டு. சத்தமும் குளிர்காற்றும் நேராக உள்ளே வராது. செஞ்சுரிக்கு ஏறத்தாழ ஓர் அறை என்ற கணக்கில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று படிக்கலாம். போர்க்காயத்தைவிடச் சளி, வயிற்றுப்போக்கு, கல் தூக்கி நசுங்கின விரல் இவற்றுக்குத்தான் அங்கே படுக்கை அதிகம் தேவைப்பட்டிருக்கும். முற்றம் எதற்கு, கூரைத் தண்ணீர் எங்கே போனது என்பதை வரைபடத்தோடு தனி இழையில் போடுகிறேன். இங்கே எழுதினால் புரியாது.